தனிப்பட்ட விண்ணப்பம்

எங்கள் சபையில் பெண்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம் உண்டு. சூளகிரியில் பெரிய ரோட்டை ஒட்டி ஒரு டயர் கடை இருக்கிறது. அதன் மாடியில் குடியிருக்கும் அக்காவின் வீட்டு முன்னறையில்தான் கூடுவோம். பாய் விரித்து வட்டமாக உட்கார்வோம். பாஸ்டரம்மா வேதத்தில் ஒரு பகுதியை வாசித்துக் கொஞ்ச நேரம் பேசுவார். பிறகு விண்ணப்பங்கள். ஒவ்வொருத்தியாகத் தன் பாரத்தைச் சொல்லுவாள். அவளுக்கு முன்னால் சொல்லி முடித்தவள் அவள் தோளில் கைவைத்து அதற்காக ஜெபிப்பாள். மகனுக்குக் கம்பெனியில் நிரந்தர வேலை, மருமகளுக்கு ஒரு குழந்தை, மாமியாருக்கு முட்டிவலி, சில சமயம் மாமியாரே ஒரு விண்ணப்பம். ஊர்க்கவலை எல்லாம் அந்தப் பாயில் ஒரு சுற்று வந்துவிடும்.

சிலதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. அதற்கும் எங்களிடம் ஒரு வழி இருந்தது. ‘ஒரு தனிப்பட்ட விண்ணப்பம்’ என்று சொன்னால் போதும். என்ன ஏது என்று யாரும் கேட்கக் கூடாது. ‘இவள் மனசில் இருப்பது உமக்குத் தெரியும், அதை அப்படியே கொடும்’ என்று ஜெபித்துவிட்டு அடுத்தவளிடம் போய்விட வேண்டும். குழாயடியில் அடுத்த வீட்டுக் குழம்பு வரை விசாரிக்கிறவர்கள்தான் நாங்கள். ஆனால் அந்தப் பாயில் உட்கார்ந்தபின் ஒருத்தியும் அந்தக் கட்டுப்பாட்டை மீறியதில்லை. எங்கள் சபையைப் பற்றி நான் பெருமைப்பட்ட காரியங்களில் அதுவும் ஒன்று.

நான் பல மாதங்கள் அந்த வழியில்தான் என் விண்ணப்பத்தை வைத்தேன்.

என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டினார். சூளகிரியிலும் சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓசூரில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இறக்கிவிட வேண்டும். பெரும்பாலும் இளம்பெண்கள். முதல் ஷிப்டுக்கு விடியும் முன்பே வண்டி கிளம்பிவிடும். காலையில் ஜெனரல் ஷிப்டுக்கு இன்னொரு நடை. மத்தியானம் முதல் ஷிப்டு முடிந்த பெண்களைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். வண்டி வேறொருவருடையது, இவர் ஓட்டுநர் மட்டும்தான். ஆனால் இவர் அந்த வண்டியைத் துடைக்கிற துடைப்பைப் பார்த்தால் சொந்த வண்டி என்றே நினைப்பீர்கள்.

அவர் எழுந்திருக்கும் முன்பே நான் எழுந்துவிடுவேன். முகம் கழுவி, வேதத்தில் அன்றைக்குரிய பகுதியை வாசித்து, முழங்காலில் நின்று ஜெபிப்பேன். பிறகு அவரோடு தெருமுனை வரை போய், பஸ்ஸின் முன்கண்ணாடியில் கைவைத்து இன்னொரு சின்ன ஜெபம். வண்டி முதலாளி முன்பக்கத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதற்குக் கீழேதான் என் கை. “மேல அது, கீழ உன் கை. ரெண்டு பேரும் சண்டை போட்டுக்காம வண்டியக் காப்பாத்துங்க” என்பார் இவர். நான் முறைப்பேன். அவர் சிரித்துக்கொண்டே ஏறிப் போவார்.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று சொன்னார்.

“பேரண்டப்பள்ளிகிட்ட வரும்போது கண்ணு முன்னாடி எல்லாம் வெள்ளையாப் போயிடுச்சி. ரெண்டு மூணு செகண்டுதான் இருக்கும். தெளிஞ்சி பாத்தா வண்டி பக்கத்து லைன்ல போயிட்டிருக்குது.”

எனக்குக் கையில் இருந்த சோறு கையிலேயே நின்றது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

“போனா எழுதிடுவாங்க. எழுதிட்டா லைசென்ஸ் போச்சி. வண்டிய விட்டா எனக்கு என்ன தெரியும், சொல்லு. இத்தனை வருசமா ஸ்டியரிங்கைத் தவிர வேற எதைப் புடிச்சேன்?” தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, “நீதான் பெரிய ஜெபக்காரி ஆச்சே. ஜெபம் பண்ணு. யாருகிட்டயும் வாயத் திறக்காத” என்றார்.

சபையில் எனக்கு அந்தப் பேர் உண்டு. யாருக்காவது ஆபரேஷன் என்றால் முதலில் எனக்குத்தான் போன் வரும். அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன். வேறு யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் சண்டை பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பேன். அவர் ஜெபக்காரி என்றார், நானும் சரி என்றேன்.

அடுத்த மாதம் இன்னொரு தரம் வந்ததாகச் சொன்னார். அதன்பின் நான் முழுமூச்சாக இறங்கினேன். வெள்ளிக்கிழமையோடு புதன்கிழமையும் உபவாசம். மாதத் தொடக்கத்தில் சபையில் கொடுக்கும், வேதவசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையை எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்தேன். வீட்டில் எழுந்து ஜெபிப்பதோடு, அவர் வண்டி ஓடும் நேரமெல்லாம் ஜெபிப்பது என்று முடிவு செய்தேன். எனக்கு ஒரு ரோஜாத் தோட்டத்து பேக்கிங் ஷெட்டில் வேலை. வெயில் ஏறும் முன் பூ அறுத்துவிடுவார்கள். நாங்கள் காம்பு நீளம் பார்த்துத் தரம் பிரித்துக் கட்டுக் கட்டுவோம். பதினோரு மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். கை பூக்கட்டில் இருக்கும், மனசு பஸ்ஸில் இருக்கும். இப்போது மேம்பாலம் ஏறுவார், ஆண்டவரே கண்ணைப் பிடித்துக்கொள்ளும். இப்போது பேரண்டப்பள்ளி காட்டோரம், குறுக்கே எதுவும் வராதபடி பார்த்துக்கொள்ளும். இப்போது சிப்காட் திருப்பம், லாரிக்காரன் சடாரென்று ஒடிப்பான். நாளடைவில் அந்த ரோட்டை அவரைவிட எனக்கு நன்றாகத் தெரிந்துபோயிற்று. கடவுளுக்கு ரோடு தெரியாது என்பதுபோல நான் ஒவ்வொரு வளைவாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எதிரே கட்டுக் கட்டும் கன்னடக்காரப் பெண் ஒருநாள், “ஏன் பூவோட பேசிட்டே இருக்கற?” என்று கேட்டாள். பூவுக்கு மட்டும்தான் சொல்ல முடியும் என்று சொல்லத் தோன்றியது. அடுத்த கட்டை எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் குடும்ப ஜெபம். மகள் கல்யாணமாகி பெங்களூர் போய்விட்டதால் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு பாட்டு பாடுவோம், ஒரு பகுதி வாசிப்போம். ஜெபம் நான் செய்வேன். ஜெபத்துக்கு முன் அவர் முகத்தைப் பார்ப்பேன். ‘இன்னைக்கு?’ என்று கண்ணாலேயே கேட்பேன். அவர் இல்லை என்று தலையாட்டுவார். உடனே எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். இன்றைக்கும் வராமல் காத்தீரே, ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். அவர் கடைசியில் ஆமென் சொல்வார். பனிக்காலம் முழுவதும் அப்படியே போயிற்று. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஆண்டவர் கேட்டுவிட்டார் என்றே நினைத்தேன். சபையில் எழுந்து சாட்சி சொல்லுகிற நாள் வந்தால் எப்படி ஆரம்பிப்பது என்றுகூடப் பூ கட்டும்போது யோசித்து வைத்திருந்தேன்.

ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்தால் டயர் கடை மாடிப்படியில் தயங்கி நிற்பேன். அதற்குக் காரணம் அந்த வீட்டு அக்கா.

அக்காவுக்கு வீட்டுப் பேச்சு தெலுங்கு. ஜெபம் தமிழில் ஆரம்பிக்கும், உருக்கம் ஏற ஏறத் தெலுங்குக்குப் போய்விடும். வட்டத்தில் எப்போதும் எனக்கு முன்னால் அவள்தான் உட்காருவாள். ஆகவே எனக்காக ஜெபிப்பவளும் அவள்தான். நான் ‘தனிப்பட்ட விண்ணப்பம்’ என்றதும் என் தோளில் கைவைப்பாள். கனமான, சூடான கை. மற்றவர்களுக்காக நாலு வார்த்தையில் முடிப்பவள் எனக்காக மட்டும் அழுவாள். நான் வெளியே சொல்ல முடியாத ஏதோ பெரிய துக்கத்தில் இருக்கிறேன் என்று அவளே நினைத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் குடிக்கிறார் என்றோ, மகள் வாழாவெட்டியாக வந்துவிடுவாள் என்றோ நினைத்திருக்கலாம். “இவ கேக்கறதைக் குடு சாமி, தள்ளிப் போடாத, இவ கேக்கறத அப்படியே குடு” என்று கெஞ்சுவாள். ஜெபம் முடிந்ததும் முந்தானையால் தன் கண்ணையும் துடைத்து என் கண்ணையும் துடைப்பாள்.

அவளுக்கு ஒரே மகள். அந்தப் பெண் என் வீட்டுக்காரர் ஓட்டும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போய்வந்தாள்.

இது எனக்குத் தெரியாமல் இல்லை. தினமும் விடியற்காலையில் நான் பஸ் கண்ணாடியில் கைவைத்து நிற்கும்போது அந்தப் பெண் தூக்கக் கண்ணோடு வந்து, “ஸ்தோத்திரம் ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டு ஏறுவாள். தோளில் ஒரு பை, காதில் வயர். நானும் ஸ்தோத்திரம் சொல்லுவேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து முழங்காலில் விழுவேன். அவளுக்காகவும் சேர்த்துத்தானே ஜெபிக்கிறேன் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொள்வேன். ஜெபம் செய்தால் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. அந்த நிம்மதியைத்தான் நான் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் தொடங்கியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்திருந்தோம். டீ நான் போட்டேன், ஊற்றுவது அவர். ஏனத்தைச் சாய்த்துத் தம்ளரில் ஊற்றிக்கொண்டே ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேச்சு நின்றது. டீ நிற்கவில்லை. தம்ளர் நிரம்பி, மேசையில் ஓடி, அவர் வேட்டியில் கொட்டியது. கொதிக்கிற டீ. அவர் அசையவில்லை. கண் திறந்துதான் இருந்தது, என்னைத்தான் பார்த்தது, ஆனால் அதில் அவர் இல்லை. நான் அவர் கையைப் பிடித்தேன். அப்போதுதான் துள்ளி எழுந்தார்.

“கை தவறிடுச்சி” என்றார்.

“தவறலைங்க. நான் பாத்தேன்.”

“என்னத்தப் பாத்த? டீ ஊத்தத் தெரியாதவன்னு சொல்றியா?”

தொடை சிவந்து கொப்புளம் கண்டது. மஞ்சள் அரைத்துப் போட்டேன். நாளைக்கு வண்டி எடுக்க வேண்டாம் என்று கெஞ்சினேன், திட்டினேன், பேசாமல் இருந்து பார்த்தேன். “வீட்டுல வந்ததுக்கும் வண்டியில வர்றதுக்கும் என்ன சம்பந்தம்? வண்டியிலதான் வர்றதில்லையே. நீதான ஜெபத்துல தினமும் சொல்ற” என்றார். என் ஸ்தோத்திரத்தை எடுத்து என்னையே மடக்கினார்.

திங்கட்கிழமை விடியற்காலையில் வழக்கம்போல வண்டியை எடுத்தார். கண்ணாடியில் கைவைத்தேன். ஜெபம் வரவில்லை. அந்தப் பெண் “ஸ்தோத்திரம் ஆன்ட்டி” என்றபோது எனக்குத் திருப்பிச் சொல்லவும் வரவில்லை. அந்த வாரம் பூக்கட்டுகளில் நான் செய்த தப்புகளுக்கு மேஸ்திரியிடம் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை.

வெள்ளிக்கிழமை. ஷெட்டில் இருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். பாஸ்டரம்மா அன்றைக்கு என்ன பேசினார் என்று சத்தியமாக நினைவில்லை. கீழே டயர் கடையில் காற்று அடிக்கும் மிஷினின் சத்தம் மட்டும் காதில் இருந்தது. விண்ணப்பங்கள் ஆரம்பித்தன. முறை சுற்றி வந்து அக்காவிடம் நின்றது.

அக்கா அன்று விண்ணப்பம் வைக்கவில்லை, நன்றி சொன்னாள்.

“எம் பொண்ணுக்கு ஆறு மாசமா பஸ்ஸுல வாந்தி வரும். இப்ப முன்னாடி சீட்டு கெடச்சிருக்குது, டிரைவருக்குப் பின்னாடியே. வாந்தி நின்னுபோச்சி. அந்த ஹைவேல தினமும் எத்தனை ஆக்சிடென்ட்டு கேள்விப்படறோம். மத்த பஸ்ஸுன்னா எனக்கு பயமா இருக்கும். இது நம்ம சபைக்காரரு ஓட்டற வண்டி, இவ கைவெச்சி ஜெபம் பண்ணி அனுப்பற வண்டி. எனக்கு பயமே இல்ல. அதுக்காக ஸ்தோத்திரம்” என்று சொல்லி என் முழங்காலைத் தட்டினாள்.

அவளுக்கு முன்னால் சொன்ன பெண் அவளுக்காக ஜெபித்து முடித்தாள். அடுத்தது நான். அக்காவின் கை பழக்கத்தில் தானாகவே என் தோளுக்கு வந்துவிட்டது. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவர்களுக்குத்தான் தெரியுமே.

“தனிப்பட்ட விண்ணப்பம் இல்ல” என்றேன்.

பாஸ்டரம்மா கண்ணைத் திறந்தார்.

“என் வீட்டுக்காரருக்கு அப்பப்ப நெனவு தப்புது. கண்ணு திறந்திருக்கும், ஆளு இருக்கமாட்டாரு. ரெண்டு தரம் வண்டி ஓட்டும்போதே வந்திருக்குது. போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல என் கண்ணால பாத்தேன். இத்தனை நாளா இதைத்தான் தனிப்பட்ட விண்ணப்பம்னு சொல்லிட்டிருந்தேன். அவருக்கு வண்டியில அது வரக்கூடாதுன்னுதான் கேட்டேன்.” பிறகு அக்காவைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். “அக்கா, உங்க பொண்ண அந்த வண்டியில அனுப்பாதீங்க.”

என் தோளில் இருந்த கை உடனே எடுக்கப்படவில்லை. சொன்னது அவளுக்குள் இறங்க நேரம் ஆயிற்று. அப்புறம் எடுத்தாள். எழுந்து சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். ஷிப்டு முடியும் நேரம். சமையலறைக்குப் போய் மகளுக்குப் போன் போட்டாள். அங்கிருந்து அவள் குரல் தெளிவாகக் கேட்டது. பஸ்ஸில் ஏறாதே, எக்கொத்து, எக்கொத்து என்று தெலுங்கில் திரும்பத் திரும்பச் சொன்னாள். நீ மட்டும் இல்லை, யாரையும் ஏறவிடாதே என்றும் சொன்னாள்.

வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். ஒருத்தி பதற்றத்தில் ஒரு பாட்டை ஆரம்பித்தாள். “பாட்டு வேண்டாம்” என்றாள் அக்கா. பாட்டு நின்றது.

“வாரா வாரம் உனக்காக அழுதேன். இவ கேக்கறதை அப்படியே குடுன்னு கேட்டேன். என் பொண்ணோட உசுரை நடுவுல வெச்சிக்கிட்டு என்கிட்டயே ஜெபம் வாங்கிட்டுப் போயிருக்கற” என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். “நீ என்கிட்ட சொல்லியிருக்கணும். ஆண்டவர்கிட்ட அப்புறமா சொல்லியிருக்கலாம்.”

பாஸ்டரம்மா ஏதோ சமாதானமாக ஆரம்பித்தார். எல்லாவற்றுக்கும் ஒரு வேளை உண்டு என்கிற மாதிரி. எனக்கே அது பிடிக்கவில்லை. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். அன்றைக்கு உபவாசத்தை முடித்து எல்லாரோடும் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட நான் இருக்கவில்லை.

அவர் வீட்டுக்கு வரும்போது வெளிச்சம் மங்கியிருந்தது. பஸ்ஸில் வரவில்லை, யாரோ ஒருவரின் பைக்கில் வந்து ரோட்டில் இறங்கி நடந்து வந்தார். சாவி இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் பின்னால் கட்டியிருந்தார். உட்காரவில்லை, வாசலிலேயே நின்றார்.

“வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு உக்காந்திருக்கேன். பொண்ணுங்க எல்லாம் வெளிய நிக்குதுங்க. ஒருத்தியும் ஏறல. வாங்கம்மா நேரமாகுதுன்னு சொல்றேன். என்னைப் பாக்குதுங்க, தலையக் குனிஞ்சிக்குதுங்க. அந்த அக்கா பொண்ணு அழுதுட்டே நிக்குது. ஏன்னு எனக்குத் தெரியல. செக்யூரிட்டி வந்து, டிரைவர் நீங்க எறங்குங்கன்னு சொன்னான். எறங்கினேன். அப்புறம்தான் ஓனர் போன் போட்டு விசயத்தச் சொன்னாரு.” மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “ஜெபம் பண்ணத்தான் சொன்னேன். போட்டுக்குடுக்கச் சொல்லல.”

நான் செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும். அப்படித் தெரிந்திருந்தும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

அதன்பின் வீட்டில் பேச்சு இல்லை. சோறு வைத்தால் சாப்பிட்டார். குடும்ப ஜெபத்துக்குப் பாய் போட்டால் எழுந்து வெளியே போனார். நான் மட்டும் உட்கார்ந்து வேதத்தைத் திறப்பேன், ஒரு வரியும் உள்ளே போகாது. விடியற்காலையில் அவர் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, முகம் கழுவி, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். தெருமுனையில் வேறொரு டிரைவர் ஹாரன் அடிக்கும் சத்தம் கேட்கும். அது ஓய்ந்தபின் சட்டையைக் கழற்றி மாட்டுவார். ஜெபத்தை விட்டுவிடலாம் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆண்டவரோடு சண்டை போட்டேன். பாதுகாக்கத்தானே கேட்டேன், இப்படியா பாதுகாப்பீர் என்று கேட்டேன். கேட்டுவிட்டு எனக்கே வெட்கமாக இருந்தது. அந்தப் பெண் வாந்தியில்லாமல் பத்திரமாக வேறொரு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். அது பாதுகாப்பு இல்லையா.

மகள் பெங்களூரில் இருந்து வந்து அழுது அடம்பிடித்துத்தான் அவரை ஆஸ்பத்திரிக்குச் சம்மதிக்க வைத்தாள். இனி லைசென்ஸுக்குப் பயப்பட என்ன இருக்கிறது என்று அவரும் நினைத்திருக்கலாம். மகள் ஊர் திரும்பிய மறுநாள் ஓசூருக்குப் போனோம். டவுன் பஸ்ஸில் அவர் முன்னால் போய், டிரைவர் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பேரண்டப்பள்ளி வந்தபோது என்னை அறியாமல் உதடு அசைந்தது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். பொறுமையாகக் கேட்டார். எப்போது ஆரம்பித்தது, கை கால் இழுக்குமா, வாயில் நுரை வருமா. கடைசியாக, “இதுவரைக்கும் எத்தனை தடவை வந்திருக்கும்?” என்றார்.

“ரெண்டு தரம் சார், வண்டியில. அப்புறம் டீ ஊத்தும்போது ஒரு தரம்” என்று நான் முந்திக்கொண்டேன்.

“நீ சும்மா இரு” என்றார் அவர். அந்தக் குரலில் கோபம் இல்லை. டாக்டரின் மேசையில் இருந்த ஏதோ ஒன்றைப் பார்த்தபடி சொன்னார். “வாரத்துக்கு ரெண்டு, மூணு சார். சில வாரம் அதுக்கு மேலயே. வண்டியிலதான் ஜாஸ்தி.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

“எப்படி ஓட்டினீங்க?”

“வரும்போது லேசா ஒரு வாசனை மாதிரி தெரியும் சார். தெரிஞ்ச உடனே கால எடுத்துட்டு ஓரமா ஒதுக்கிடுவேன். எல்லாத் தரமும் தெரியாது.”

ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். எத்தனை நாள் அந்தப் பெண்கள், எத்தனை வளைவு, எத்தனை லாரி. எல்லாவற்றுக்கும் மேல் இன்னொன்று இருந்தது.

“தினமும் சாயங்காலம் உங்க மூஞ்சியப் பாத்துக் கேட்டனே. இல்லன்னு தலையாட்டுனீங்களே. இன்னைக்கும் வரலன்னு நான் ஸ்தோத்திரம் சொன்னா ஆமென்னு சொன்னீங்களே.”

அவர் கையில் இருந்த சீட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“நீ அவ்வளவு சந்தோசமா நன்றி சொல்லிட்டிருப்ப” என்றார். “நடுவுல எப்படிச் சொல்றது.”

பொய் சொன்னார் என்று கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. என் ஜெபம் அவருக்கு ஒரு ஆறுதலாக இருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் அதற்குப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார். நான் கேட்ட கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் வரலாம் என்று என் முகத்திலேயே எழுதி வைத்திருந்திருக்கிறேன். நர்ஸ் வந்து அவர் பேரைக் கூப்பிட்டாள். மோதிரத்தையும் வாட்சையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

வலிப்பில் ஒரு வகைதான் என்றார்கள். மாத்திரை எழுதினார்கள். இனி ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று சொன்னபோது அவர் சரி என்று தலையாட்டினார். வீடு வரும்போது விளக்கு வைக்கும் நேரம்.

சாப்பாட்டுக்கு முன் பாய் போட்டேன். அவர் வெளியே போகவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பாட்டு இல்லை, வாசிக்கவும் இல்லை. ஜெபம் ஆரம்பிக்கிற இடத்தில் பழக்கத்தில் அவர் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். பாதியில் நிறுத்திக் குனிந்துகொண்டேன்.

“இன்னைக்கு நீங்க பண்ணுங்க” என்றேன்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் எனக்கு முன்னால் வாய்விட்டு ஜெபித்ததில்லை. எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

“காலையில பல்லு வெளக்கும்போது ஒரு தரம் வந்துச்சி ஆண்டவரே. ஆஸ்பத்திரி பெஞ்சில ஒரு தரம். எனக்கு பயமா இருக்குது.”

அவ்வளவுதான். பெஞ்சில் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியவில்லை. இப்படி ஒரு ஜெபத்துக்கு ஆமென் சொல்லலாமா என்று யாரும் எங்களுக்குக் கற்றுத்தந்ததில்லை. நான் சொன்னேன்.